சுவருக்கு அப்பால் ஒரு குடித்தனம்: கு.ப.ரா. கதைகளில் தாம்பத்தியமும் பொறாமையும் தனிமையும்

திருக்குறளின் கற்பியலில் 18 அதிகாரங்கள். முதலில் நிற்பது பிரிவாற்றாமை, கடைசியில் வருவது ஊடலுவகை. மணமான பிறகுள்ள காதலைப் பேச வந்த வள்ளுவர் பிரிவில் தொடங்கி, ஏக்கமும் பிணக்கும் கடந்து கூடலுக்கு வந்து சேர்கிறார். அகத்திணை மரபு இதையே நிலம் பிரித்துச் சொன்னது: முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல். ஆகவே தாம்பத்தியத்துக்குள் பொறாமையும் தனிமையும் குடியிருப்பது தமிழ் வாசகருக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் அந்தப் பாட்டுகளில் தலைவிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒருத்தி இருந்தாள். தலைவனின் தேர் வராத மாலையில் தலைவி அவளிடம்தான் சொல்லி அழுதாள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பியவனை வாசலில் நிறுத்தி வாயில் மறுத்தவள் அந்தத் தோழிதான். அவள் இல்லாத நேரத்தில் கடல் கேட்டது, நண்டு கேட்டது, தன் நெஞ்சே கேட்டது. நெஞ்சொடு கிளத்தல் என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு.

1930களில் தமிழ்ச் சிறுகதை நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கே தோழி இல்லை. மாமியார் இருந்தாள், நாத்தனார் இருந்தாள், பக்கத்துப் போர்ஷன் குடித்தனக்காரி இருந்தாள். மனத்தைத் திறந்து காட்ட ஆள் இல்லை. சொல்லி ஆற்ற முடியாத தனிமை உள்ளே கிடந்து புளித்துப் பொறாமையாக மாறுவதை முதன்முதலில் முழு உண்மையோடு எழுதிக் காட்டியவர் கு.ப. ராஜகோபாலன் என்பது என் எண்ணம். அவருடைய கதைகளைத் தனித்தனியாக வாசிக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு மனநிலைச் சித்திரமாகத் தோன்றும். ஒரே தொகுப்பாக, அடுத்தடுத்து வாசிக்கும்போதுதான் அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பது தெரிகிறது. இந்தப் பெண் இதை யாரிடம் சொல்லுவாள்?

கு.ப.ரா. 1902இல் கும்பகோணத்தில் பிறந்தவர். வருவாய்த் துறையில் கணக்கராக மேலூர்ப் பக்கம் வேலை பார்த்தார். நடு வயதிலேயே கண்புரை வந்து பார்வை மங்கியதால் வேலையை விட நேர்ந்தது. பார்வை இல்லாத அந்தக் காலத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் தங்கை சேது அம்மாள். பின்னாளில் அவரும் சிறுகதை எழுத்தாளரானார். ந. பிச்சமூர்த்தியும் கு.ப.ராவும் ஊராலும் நட்பாலும் இணைந்தவர்கள். இருவரும் 'மணிக்கொடி'க்காரர்கள். 1933இல் அரசியல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய 'மணிக்கொடி', 1935இல் பி.எஸ். ராமையாவின் கையில் சிறுகதைப் பத்திரிகையாக மாறியதால்தான் இப்படிப்பட்ட கதைகளுக்கு ஓர் இடம் கிடைத்தது. கு.ப.ரா. 1944 ஏப்ரலில் கும்பகோணத்தில் காலமானார். 42 வயது. வறுமையிலும் நோயிலும் போன அந்த வாழ்க்கையைப் பற்றிக் கரிச்சான் குஞ்சு எழுதியிருக்கிறார். தி. ஜானகிராமனுக்கும் கரிச்சான் குஞ்சுவுக்கும் அவர் ஆசானைப் போன்றவர். ஜானகிராமனின் பெண்களை வியப்பவர்கள் அந்த வியப்பில் ஒரு பங்கைக் கு.ப.ராவுக்குக் கொடுக்க வேண்டும்.

'ஆற்றாமை'யிலிருந்து தொடங்குவதுதான் சரி. தமிழில் பொறாமையைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் இதைவிடக் கூர்மையான இன்னொன்றை நான் வாசித்ததில்லை. சாவித்திரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கணவனோடு வாழ்ந்தது கொஞ்ச நாள்தான், அவன் இப்போது தொலைவில் இருக்கிறான். அதே வீட்டில் இன்னொரு பகுதியில் கமலாவும் ராகவனும் குடியிருக்கிறார்கள், இளம் தம்பதி. சிரிப்பும் சீண்டலும் கதவு சாத்தும் சத்தமும் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கின்றன. ஒரு நாள் தம்பதி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் வேளையில் ராகவனைத் தேடி ஒருவர் வருகிறார். அவர்கள் இல்லை என்றோ, பிறகு வாருங்கள் என்றோ சாவித்திரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்களைக் கூப்பிட்டுவிடுகிறாள். குலைந்த கோலத்தில் அவர்கள் வெளியே வர நேர்கிறது. ஒரு கணம் அவளுக்குத் திருப்தி. அடுத்த கணமே தான் செய்த காரியம் அவளுக்கே தாங்கவில்லை, அழுகை வெடிக்கிறது.

கதையில் நடப்பது இவ்வளவுதான். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. கமலா சாவித்திரியிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. ராகவன்மேல் சாவித்திரிக்கு ஆசையும் இல்லை. மருதத் திணையின் பொறாமைக்கு ஒரு பரத்தை வேண்டும், தன்னுடையதை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள் என்ற காரணம் வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டவர் யாருமில்லை. இன்னொருத்திக்கு வாய்த்திருப்பது தனக்கு வாய்க்கவில்லை, அதுவும் தினமும் காதில் விழுகிறது. பிரிவில் ஏங்கும் பெண் நல்லவளாகவே இருப்பாள் என்று நம் இலக்கியம் நெடுங்காலமாக நம்பி வந்தது. ஏக்கம் ஒரு மனத்தைச் சிறுமைப்படுத்தவும் செய்யும் என்பதைக் கு.ப.ரா. சொல்கிறார். சொல்லிவிட்டு அந்தச் சிறுமைக்காக அவளைத் தண்டிக்கவில்லை. கமலாவும் சாவித்திரியும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரிகள், ஒரே முற்றத்தில் புழங்குகிறவர்கள். பழைய பாட்டாக இருந்தால் கமலா தோழியாகியிருப்பாள். ஒண்டுக்குடித்தனம் அவளைத் தோழியாக இருக்க விடவில்லை.

இந்த வீடுகளின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும் தஞ்சாவூர் ஜில்லா வீடு ஒரு கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது. உத்தியோகத்துக்காகப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போன பிறகு அவற்றை இரண்டாக மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். சென்னையிலும் மாடி அறையையும் பின்கட்டையும் பிரித்துக் கொடுத்தார்கள். கிணறு பொது, முற்றம் பொது, சுவர் மெல்லியது. உறவு இல்லாதவர்களுக்குள் இத்தனை நெருக்கம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. கூட்டுக் குடும்பத்தில் தம்பதிக்குத் தனிமை கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அங்கே ஒருத்தி வாடிக் கிடந்தால் கேட்க ஒரு சித்தியோ அத்தையோ இருப்பாள். வாடகைப் போர்ஷனில் அந்தக் கண்ணும் இல்லை.

சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று குறைந்தபட்ச மண வயதை நிர்ணயித்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி 1930இல் அமலுக்கு வந்தது. கு.ப.ராவின் நாயகிகளில் பலர் விவரம் தெரியும் முன்பே தாலி ஏறியவர்கள். கணவனை விட்டுத் தனியாக வாழ்ந்தபடி ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை இந்துப் பெண்களுக்குக் கொடுத்த சட்டம் 1946இல்தான் வந்தது. சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதித்தது 1949இல், நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல். அவர் இறந்தது 1944இல். ஆகவே அவர் கதைகளில் வரும் எந்தப் பெண்ணுக்கும் சட்டப்படி வெளியே போக வாசல் கிடையாது. பிறந்த வீட்டுக்குத் திரும்பலாம், கிணற்றைத் தேடலாம், பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கதைகளில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லையே என்று இன்று குறை சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

'கனகாம்பரம்' ஆணின் பொறாமையைத் தொடுகிறது. மணி படித்தவன், புதுமைக் கருத்துகள் உள்ளவன். வீட்டில் இல்லாத நேரத்தில் அவன் சிநேகிதன் ராமு வருகிறான். புது மனைவி சாரதா உள்ளே ஒளிந்துகொள்ளாமல் தானே பதில் சொல்லி, உட்காரச் சொல்கிறாள். ராமு வெலவெலத்துப் போய்க் கிளம்பிவிடுகிறான். பிறகு செய்தி தெரிந்த மணிக்குள் ஏதோ முறுக்கிக்கொள்கிறது. மனைவி நாகரிகமாக இருக்க வேண்டும் என்று விரும்பியவனும் அவன்தான், அவள் அப்படி நடந்தவுடன் சுருங்கிப் போகிறவனும் அவன்தான். மணியைக் கெட்டவனாக்கிக் கதையைச் சுலபமாக முடித்திருக்கலாம். அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய கொள்கை மூளையில் இருக்கிறது, பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. சாரதாவின் நிலைதான் என்னை அதிகம் உலுக்குகிறது. தான் செய்தது சரியா தவறா என்று அவளுக்கே தெரியவில்லை. பழைய விதிகளைக் கைவிடச் சொன்னவன் புதிய விதிகளைச் சொல்லித் தரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்குக் கணவனைத் தவிர ஆளும் இல்லை, அந்தக் கணவனோ முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

ஆணின் சந்தேகத்தை உலக இலக்கியம் பெரும்பாலும் கொலைவரை இழுத்துப் போயிருக்கிறது. 1889இல் டால்ஸ்டாய் எழுதி முடித்த 'கிராய்ட்சர் சொனாட்டா'வில், மனைவியைக் குத்திக் கொன்றவன் ரயிலில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறான். அந்தக் கதையைப் பிரதியெடுத்து உதவிய அவர் மனைவி சோஃபியா அதற்குப் பதிலாகத் தானும் ஒரு நாவல் எழுதினார். அது வெளிச்சம் காண நூறு ஆண்டுகள் ஆயின. ஜாய்ஸ் வேறு வழியில் போனார். 1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் கடைசிக் கதையில், ஒரு பழைய பாட்டைக் கேட்டுக் கண் கலங்கிய மனைவியிடம் கேப்ரியல் காரணம் கேட்கிறான். இளம் வயதில் தனக்காக உருகி இறந்துபோன ஒரு பையனை அவள் நினைத்துக்கொண்டாள் என்று தெரிகிறது. செத்தவனோடு போட்டி போட முடியாது. பொறாமை மெல்லக் கரைந்து, தன் மனைவியின் வாழ்க்கையில் தனக்கு இருந்த இடம் எவ்வளவு சிறியது என்ற அறிவாக மாறுகிறது. கு.ப.ரா. நிற்பது ஜாய்ஸின் பக்கத்தில். அவர் கதையில் ரத்தம் கிடையாது, ஒரு முகத் திருப்பல் போதும்.

'திரை' கு.ப.ராவின் மிகத் துணிச்சலான கதை என்று சொல்லத் தோன்றுகிறது. ராஜத்துக்கு வாய்த்த மனைவி இன்னும் சிறு பெண், காதல் கடிதம் எழுதத் தெரியாதவள். அவள் பெயரில் அவனுக்குக் கடிதங்கள் எழுதியவள் அவளுடைய அக்கா சரஸ்வதி, இளம் விதவை. விதவை மறுமணத்துக்கு 1856இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் அந்த வீடுகளின் வாசல்வரைக்கும் அது வந்து சேரவில்லை. தங்கைக்காக எழுதுகிறேன் என்ற சாக்கில் சரஸ்வதி தன் மனத்தையே எழுதிவிட்டாள். இங்கே ஒரு தோழி உண்டு. ஆனால் தலைவியின் ஏக்கத்தைத் தூது சொல்ல வேண்டியவளுக்குள் தலைவியின் ஏக்கத்தைவிடப் பெரிய ஏக்கம் இருக்கிறது. அகத்திணையின் ஏற்பாட்டையே இந்தக் கதை தலைகீழாக்கிவிட்டது. சரஸ்வதி தங்கைமேல் பொறாமைப்படுகிறாள் என்று சொல்வது சரியாகாது. தங்கையின் பெயர் அவளுக்குக் கிடைத்த ஒரே குரல். வேறு எந்தப் பெயரிலும் அவள் அந்த வார்த்தைகளை எழுத முடியாது.

'சிறிது வெளிச்சம்' பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள், சண்டையும் போட்டிருக்கிறார்கள். சென்னையில் ஒரு வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் எழுத்தாளன் கதையைச் சொல்கிறான். அந்த வீட்டுக்காரர் கோபாலய்யர் இரவில் நேரம் கழித்து வருகிறவர், மனைவியை அடிக்கிறவர். அவள் பெயரும் சாவித்திரி. ஓர் இரவு சத்தம் பொறுக்காமல் எழுத்தாளன் குறுக்கிடுகிறான். அதற்குப் பிறகு அவனும் அவளும் பேசும் நீண்ட பேச்சுதான் கதையின் உயிர். தன் வாழ்க்கை எப்படிக் கசந்தது என்று அவள் சொல்கிறாள். ஆண்களின் அன்பு எத்தனை நாள் நிற்கும் என்று அவனையே கேட்கிறாள். அந்த இரவில் அவர்களுக்கிடையே ஒரு நெருக்கம் உண்டாகிறது. இது விரசம் என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. மீட்க வருகிறவனும் ஆண், கதை சொல்கிறவனும் ஆண், ஆகவே அவள் துயரம் அவனுக்குக் கிடைத்த அனுபவமாகச் சுருங்கிவிடுகிறது என்பது பிற்காலத்து விமர்சனம். இரண்டாவது குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அந்த எழுத்தாளன் தன் இரக்கத்தைச் சற்று ரசிக்கத்தான் செய்கிறான்.

ஆனாலும் கு.ப.ரா. ஒரு காரியம் செய்திருக்கிறார். கதை தொடங்கும்போதே அவள் இறந்துவிட்டாள். இறந்த பிறகுதான் அவன் வாய் திறக்கிறான். அவள் உயிரோடு இருந்தவரை அவள் சொன்னதை வெளியே சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. சொன்னால் அவள் பெயர் கெடும், அவன் பெயருக்கு ஒன்றும் ஆகாது. அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒருவர் முழுதாகக் கேட்டார், அப்படிக் கேட்டவர் அந்நிய ஆண். கேட்க ஆள் கிடைத்ததையே ஊர் களங்கம் என்று சொல்லும். சாவித்திரி அவனிடம் காட்டும் நெருக்கத்தில் காமம் இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. அடிபட்ட உடம்புக்கும் ஆசை உண்டு என்பதைக் கு.ப.ரா. மறைக்கவில்லை. ஆனால் அந்த இரவின் பெரும் பகுதி பேச்சில் கழிகிறது. அவளுக்கு வேண்டியிருந்ததில் முக்கால் பங்கு அதுதான் என்று கதையின் நீளமே சொல்கிறது.

இரண்டு கதைகளின் நாயகிகளுக்கும் யமனிடமிருந்து கணவனை மீட்டவளின் பெயர். அவர் திட்டமிட்டு வைத்தாரா என்பது முக்கியமில்லை. பத்திரிகையில் தனித்தனியாகப் படித்தவர்களுக்கு இது உறைத்திருக்காது. தொகுப்பில் ஒருத்தி கணவன் இல்லாத வீட்டில் புழுங்குவதையும், இன்னொருத்தி கணவன் இருக்கும் வீட்டில் நொறுங்குவதையும் சேர்த்து வாசிக்கும்போது இரண்டும் ஒரே வாழ்க்கையின் இரு முனைகளாகத் தெரிகின்றன.

'விடியுமா?' கதையில் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. கணவர் சிவராமையரின் நிலை அபாயம். குஞ்சம்மாளும் தம்பியும் இரவு ரயிலில் கிளம்புகிறார்கள். கதை முழுவதும் அந்தப் பயணம்தான். குஞ்சம்மாளுக்குக் கணவரோடு நல்ல வாழ்க்கை அமையவில்லை, ஆனால் அவர் போய்விட்டால் அவளுக்குக் காத்திருப்பது விதவைக் கோலம். ஆகவே அவள் எதற்காகப் பயப்படுகிறாள், எதற்காக வேண்டிக்கொள்கிறாள் என்பதை அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் உடன்பிறந்தவன் இருக்கிறான், பாசம் உள்ளவன், இருந்தும் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மரணம் உறுதியானபோது துக்கத்தோடு ஏதோ ஒரு பாரமும் இறங்கிவிடுகிறது. இப்படி ஒரு விஷயத்தை 1940களின் தமிழ்நாட்டில் எழுதியதற்கு மிகுந்த மனத் தைரியம் வேண்டும். கணவன் சாவில் மனைவிக்கு ஆறுதலும் கலந்திருக்கலாம் என்று ஒரு வரிகூட நேராகச் சொல்லாமல், ஒரு ரயில் பயணத்தைக் கொண்டு அவர் உணர்த்திவிட்டார்.

அதே ஆண்டுகளில் புதுமைப்பித்தன் எழுதிய 'செல்லம்மா'ளை இதற்கு எதிரில் வைக்கலாம். பட்டணத்தில் ஜவுளிக்கடையில் உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போட்டு, கால் பிடித்து, கடைசியில் பிணத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார். அங்கே பொறாமை இல்லை, சந்தேகம் இல்லை, அன்பு இருக்கிறது, ஆனாலும் இருவரும் தனியர்கள். ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்களுக்கு ஒருவருக்கொருவர் மட்டுமே மிச்சம். சாவு அதையும் எடுத்துக்கொள்கிறது. தனிமைக்குக் கெட்ட கணவன் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வங்கத்தில் தாகூர் 1901இலேயே 'நஷ்டநீட்'டில் இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டார். சத்யஜித் ராய் 1964இல் 'சாருலதா'வாக எடுத்த கதை. பத்திரிகை நடத்துவதில் மூழ்கிய பூபதிக்கு மனைவி சாருவைப் பார்க்க நேரமில்லை. கொழுந்தன் முறையான அமலோடு அவள் எழுத்தையும் பேச்சையும் பகிர்ந்துகொள்கிறாள். அவன் தன் எழுத்தை வீட்டிலிருக்கும் இன்னொருத்திக்குப் படித்துக் காட்டும்போது அவளுக்குப் பொறாமை மூள்கிறது. கேட்கும் காது தனக்கு மட்டுமே சொந்தமாக இருக்க வேண்டும் என்ற பொறாமை அது. கடைசியில் மைசூருக்கு வேலைக்குக் கிளம்பும் பூபதி, அவளையும் அழைத்துப் போவதா என்று தயங்கிவிட்டு வரச் சொல்கிறான். அதற்குள் அவளுக்கு வேண்டாம் என்றாகிவிடுகிறது. தாமதமாக வந்த அழைப்பு எவ்வளவு குரூரமானது என்பதைத் தாகூர் ஒரு நொடித் தயக்கத்தில் காட்டினார்.

கு.ப.ராவிடம் இல்லாதவையும் உண்டு. அவர் வீடுகள் பெரும்பாலும் காவேரிக் கரையின், சென்னையின் பிராமண நடுத்தர வீடுகள். 'பண்ணைச் செங்கான்' போன்ற கதைகளில் அவர் வெளியே போயிருக்கிறார். ஆனால் வயலில் உழைக்கும் பெண்ணின் தாம்பத்தியத்துக்குள், 'ஆற்றாமை'க்குள் போன ஆழத்தில் அவர் போகவில்லை. இன்னொன்று, அவர் கதைகளில் தனிமை எப்போதும் சுமை. தனிமையை ஒரு பெண் ஆசைப்பட்டுக் கேட்கக்கூடும் என்ற எண்ணம் அவரிடம் உருவாகவில்லை.

அதை எழுதியவர் ஆர். சூடாமணி. அவருடைய 'நான்காம் ஆசிரம'த்தில் சங்கரி மூன்று முறை மணந்தவள். ஒவ்வொரு மணமும் அவளுடைய வளர்ச்சியில் ஒவ்வொரு கட்டத்தின் தேவையிலிருந்து வந்தது. கடைசியில் அவள் கேட்டது மணவாழ்விலிருந்து விடுதலை, தனியாக இருக்கும் உரிமை. அறிவில் பெரியவரான மூன்றாவது கணவருக்கு அதை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அவருடைய பொறாமைக்கு எதிரில் இன்னோர் ஆண் இல்லை. அவர் பொறாமைப்பட்டது அவளுடைய தனிமையின்மேல். அவள் இறந்த பிறகு, முன்னாள் கணவரும் இந்நாள் கணவரும் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இங்கேயும் அவள் குரல் ஆண்களின் பேச்சு வழியாகத்தான் நம்மை வந்தடைகிறது. ஆனால் 'சிறிது வெளிச்ச'த்தின் சாவித்திரியைப் போல அவள் பேச ஆளில்லாமல் இருக்கவில்லை. அவள் தெளிவாகவே சொன்னாள், கேட்டவர் மறுத்தார்.

கு.ப.ரா. சிறுகதைகளைப் பெருமாள்முருகன் பதிப்பித்த முழுத் தொகுப்பு இப்போது ஒரே நூலாகக் கிடைக்கிறது. அதை வாசிப்பவர்கள் சேது அம்மாளையும் தேடி வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியபோது எத்தனையோ நாயகிகளின் வாய்ச்சொற்கள் முதலில் ஒரு பெண்ணின் கை வழியாகத்தான் தாளில் இறங்கின. அவர் தாமாகவே எழுதியபோது கணவன், மனைவி, பக்கத்து வீட்டுக்காரி ஆகியோரை எப்படிப் பார்த்தார், அண்ணன் விட்ட இடத்தில் எதைச் சொன்னார் என்று இருவர் கதைகளையும் அருகருகே வைத்து ஒருவர் ஆராய வேண்டும். சோஃபியாவின் பதில் நாவலை ரஷ்யர்கள் நூறு ஆண்டு கழித்தாவது அச்சில் வைத்து வாசித்தார்கள். சேது அம்மாளின் கதைகள் அவர் காலத்திலேயே அச்சானவை.